ஈரச் சாக்கு

மானாமதுரைப் பக்கத்துக்காரனுக்குக் களிமண் அதிசயமில்லை. கடத்துக்குப் பேர்போன ஊர். வேளார் வீட்டு வாசலில் பானை தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போவோம். தொட்டால்தான் வம்பு. வெள்ளைச் சட்டையில் மண் பட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார். அதனால் 1983-இல், ஏழாம் வகுப்பில், டிராயிங் சார் ஒரு கூடை மண்ணை வாங்கிவந்து மேஜைமேல் கொட்டியபோது எங்களுக்கு அது திருவிழா.

முதல் நாள் நாறிப்போனது. பழைய பேப்பரை விரித்துப் பிசைந்தோம். ஈரம் ஏறிய பேப்பர் கிழிந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. என் யானையின் வயிற்றில் ஒரு சினிமா விளம்பரம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. அடுத்த பீரியடு அதே மேஜையில் கணக்கு. எல்லார் முழங்கையிலும் சேறு. கணக்கு சார் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். இனி மண்வேலையே கிடையாது என்கிற நிலை.

டிராயிங் சார் சண்டைக்குப் போகவில்லை. மறுவாரம் ரேஷன் கடைச் சணல் சாக்குகளைப் பிரித்து எடுத்துவந்தார். நனைத்து, முறுக்கிப் பிழிந்து, மேஜையில் விரித்தார். சாக்கில் மண் ஒட்டாது. எடுத்தால் அப்படியே வரும். என்ன, அடிப்பக்கம் கட்டம் கட்டமாகப் பதியும். "இருந்துட்டுப் போகட்டும்டா, யானை வயித்தை யாரு குனிஞ்சு பாக்கப்போறா?" என்பார்.

கை கழுவக் குழாய்க்குப் போகக் கூடாது. மண் போய்ச் சாக்கடையை அடைத்துவிடும். அதற்கென்று ஒரு வாளி. மறுநாள் மண் அடியில் படிந்திருக்கும். தெளிந்த தண்ணீர் வேப்பமரத்துக்கு. அடிச்சேற்றைச் செங்கல்மேல் அப்பிவைத்தால் செங்கல் ஈரத்தைக் குடித்துவிடும். அடுத்த வாரத்துக்கு மண் தயார். உடைந்த பொம்மையை உடனே தண்ணீரில் போட விடமாட்டார். அரை ஈரத்தில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்ததைப் போட்டால் குமிழி விட்டுப் பொலபொலவென்று கரையும். அந்தக் குமிழிக்காகவே பொம்மையை உடைத்தவர்கள் உண்டு. நானும்தான்.

கடைசியில் மேஜையை மூங்கில் சில்லால் சுரண்டல், பிறகு ஈரத்துணியால் இரண்டு தரம். விளக்குமாறு மட்டும் அந்த அறைக்குள் வரக் கூடாது. காய்ந்த துணியால் தட்டினாலும் கத்துவார். விளக்கு வைத்தபின் பெருக்காதே என்று அப்பத்தா சொல்கிற மாதிரி இதுவும் ஏதோ சாஸ்திரம் என்று நினைத்திருந்தோம். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அந்த நுண்பொடி நுரையீரலில் தங்கிவிடும், வருடக்கணக்கில் சுவாசித்த மட்பாண்டத் தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் வந்திருக்கிறது என்றெல்லாம் நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். காரணத்தைச் சொல்லியிருக்கலாம் சார். சொல்லியிருந்தால் அந்த வயதில் கேட்டிருப்போமா என்பது வேறு.

சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப். மண் எடுத்த கண்மாயில் சீமைக்கருவேலம்.

போன மாதம் தம்பி மகள் பள்ளியில் மண்வேலைக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகள் கலைந்ததும், காய்ந்து வெளுத்த மேஜைகளைப் பார்த்துவிட்டு ஆயா விளக்குமாற்றோடு வந்தார். "வேண்டாம்மா, ஒரு ஈரத்துணி கொடுங்க" என்று வாங்கி நானே துடைத்தேன். இரண்டு தரம்.