மேற்கிந்தியக் கூடையும் மலைநாட்டு அடுப்பும்

சமையல் என்பது வீட்டினுள் அடங்கிய காரியம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இன்றோ அது ஊரார் கூடிப் பார்க்கும் பந்தயமாகிவிட்டது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய ‘சொப்ட்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டி இவ்வகையிற் பெரும் புகழ் பெற்றது. ‘சொப்ட்’ என்றால் வெட்டப்பட்டது என்று பொருள். அங்கே காய்கறியோடு, தோற்ற சமையற்காரரும் வெட்டப்படுகிறார்! போட்டியிடுவோர் நால்வர். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுக்கு மூடிய கூடையொன்று தரப்படும். உள்ளே இருப்பது யாதெனத் திறக்கும் வரை தெரியாது. முதற் சுற்றுக்கு 20 நிமிடம். அடுத்த இரண்டிற்கும் அரைமணி நேரம். கூடையிலுள்ள பண்டம் எதனையும் ஒதுக்கலாகாது. இறுதியில் எஞ்சி நிற்பவருக்கு 10,000 டொலர் பரிசு.

இத்தகைய போட்டிகளில் மேற்கிந்தியத் தீவுகளின் பண்டங்கள் கூடையினின்று வெளிப்படும்போது, சமையற்காரர் சிலர் மருண்டு நிற்பதுண்டு. பதுளையிலிருந்து பார்க்கும் எமக்கோ, அயலூர்ச் சந்தையிற் பழகிய முகங்களைக் கண்டாற்போல் இருக்கிறது. ஈரப்பலா, மரவள்ளி, தேங்காய், கொய்யா ஆகிய இவையெல்லாம் எமது சந்தையிலும் உள்ளனவே! பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் பந்தலேறிக் காய்க்கும் சௌசௌவை, ஜமேக்கா மக்கள் ‘சோசோ’ என்று அழைக்கின்றனர். அவர்கள் பெரிதும் போற்றும் காரமிளகாயும், சிங்கள மக்கள் ‘நை மிரிஸ்’ என்று கூறும் மிளகாயும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இவ்வொற்றுமை மண்ணாலும் மழையாலும் மட்டும் நேர்ந்ததன்று. அத்தீவுகளைக் கரும்புத் தோட்டங்கள் உருவாக்கின. ஊவா மலைகளை முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் உருவாக்கின. இரண்டிடத்தும் தோட்டத்துரைமாரின் முன் நின்ற கேள்வி ஒன்றே: உழைப்பவனுக்குக் குறைந்த செலவில் எதனை ஊட்டுவது? இக்கேள்விக்கு விடை தேடியே தாகித்தித் தீவின் ஈரப்பலாக் கன்றுகளைக் கப்பலேற்றி வர பிளை என்னும் கப்பற்றலைவர் அனுப்பப்பட்டார். 1789ஆம் ஆண்டு ‘பௌண்டி’ கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தமையால் அம்முயற்சி குலைந்தது. இரண்டாம் பயணத்தில், 1793ஆம் ஆண்டு, கன்றுகள் சென் வின்சென்ற் தீவையும் ஜமேக்காவையும் அடைந்தன. அடிமைகளாகக் கொணரப்பட்டிருந்த ஆபிரிக்க மக்கள் முதலில் அக்காயை விரும்பவில்லை. காலப்போக்கில் அவர்தம் வழியினரே அதனைச் சுட்டும் அவித்தும் பொரித்தும் தம் நாட்டுச் சுவையாக்கிக் கொண்டனர்.

அடிமை முறை ஒழிந்த பின்னர் எம்மவரும் அங்கே சென்றனர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் தமிழ்த் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 1853ஆம் ஆண்டு மார்ட்டினிக் தீவையும், மறு ஆண்டு குவாதலூப் தீவையும் அடைந்தது. அவர்தம் மரபினர் பலர் இன்று தமிழ் அறியார். ஆயினும் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு சேர்த்து இடித்த மசாலைத்தூள் அங்கே இன்றும் வழக்கிலுள்ளது. அதன் பெயர் ‘கொலம்போ’. எமது கொழும்பினின்று வந்த பெயர் என்பர் சிலர். ‘குழம்பு’ என்ற சொல்லே திரிந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், மொழி மறைந்த இடத்தும் குழம்பின் மணம் மறையவில்லை என்பது சிந்தித்தற்குரியது.

இத்தனையும் கூறுவதற்குக் காரணம் எமது மாணவி ஒருத்தி. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். மதிய இடைவேளையில் உணவுப் பெட்டியின் மூடியை முழுவதும் திறவாமலே உண்பாள். ஒரு நாள், “என்னம்மா சாப்பாடு?” என்று கேட்டோம். “ஒன்றுமில்லை சேர், வெறும் கிழங்குதான்” என்றாள்.

‘வெறும்’ என்ற அந்தச் சொல் எம்மை உறுத்தியது. பொழுது விடியுமுன் எழுந்து, கொழுந்து பறிக்கப் புறப்படுமுன், அவளுடைய தாய் அக்கிழங்கை அவித்திருப்பாள். மரவள்ளியில் நஞ்சு உண்டு. தோலை நன்றாக உரிக்க வேண்டும். பானையை மூடாமல் அவிக்க வேண்டும். உண்ணும் வேளையில் இஞ்சி கூடாது. இவையெல்லாம் அவள் தன் தாயிடம் கற்ற விதிகள். நஞ்சு ஆவியோடு வெளியேறவே பானையைத் திறந்து வைக்கிறோம் என்பதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. ஜமேக்காவின் தேசிய உணவு, ‘அக்கி’ என்னும் பழமும் உப்பிட்ட மீனும். அப்பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்குமுன் பறித்தால் அதுவும் நஞ்சே. அங்குள்ள தாய்மாரும் தம் பிள்ளைகளுக்கு இதனையே சொல்லிக் கொடுத்து வருகின்றனர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்து, லயத்து ரொட்டியே அரிதானபோது, பல வீடுகளின் பசியை ஆற்றியது இந்தக் கிழங்கும் பலாக்காயுமே. கையில் அகப்பட்டதைக் கொண்டு சமைக்கும் போட்டியில் எமது தாய்மார் நாள்தோறும் ஈடுபடுகின்றனர். அவர்களுக்கு நடுவருமில்லை, பரிசுமில்லை.

இதனால் வறுமையை வாழ்த்துகிறோம் என்று யாரும் எண்ண வேண்டா. தொலைக்காட்சிப் போட்டியிற் பலரும் கருதாத ஒன்றுண்டு. கூடைக்குப் புறம்பாக, போட்டியாளருக்கென்று ஒரு பண்டகசாலை நிறைந்திருக்கிறது. பால், முட்டை, வெண்ணெய், இறைச்சி என எதனையும் ஓடிச்சென்று எடுத்துக் கொள்ளலாம். எமது லயத்துத் தாய்க்கோ கூடை மட்டுமே உண்டு. அதன் விளைவைக் கணக்குக் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதிற்கேற்ற உயரமற்றவர். தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை 32 ஆகும். தாயின் கைத்திறன் எத்துணைச் சிறந்ததாயினும், முட்டையும் பாலும் பருப்பும் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடாது.

ஆகவே இரண்டு காரியங்கள் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பது எமது கருத்து. மனைப்பொருளியல் கற்பிக்கும் ஆசிரியைகள், பிள்ளைகளைத் தத்தம் பாட்டிமாரிடம் அனுப்பி, லயத்துச் சமையல் முறைகளைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். கிழங்கு கொண்டுவரும் பிள்ளை மூடியை முழுவதும் திறந்து உண்ண அது வழிசெய்யும். அதனோடு, அக்கிழங்கின் அருகில் ஒரு முட்டையேனும் இருப்பதற்குத் தோட்ட நிர்வாகத்தினரும் அரசாங்கமும் தொழிற்சங்கத்தாரும் வழிகாண வேண்டும். முதற் காரியத்தை நாளைக் காலையே எந்த வகுப்பறையிலும் தொடங்கலாம், அதற்குச் செலவில்லை. இரண்டாவதைச் செலவின்றிச் செய்ய இயலாது. செலவைக் காரணங்காட்டி அதனை இனியும் தள்ளிப்போடுவது தகாது.