அச்சு இற்ற தலமும் அச்சம் தணிந்த வழியும்

தொண்டை நாட்டின் பாடல் பெற்ற 32 தலங்களுள் ஒன்று அச்சிறுபாக்கம். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேல்மருவத்தூருக்கு அடுத்து அமைந்தது. திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்றது. திரிபுர சங்காரத்துக்குப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காது தேரேற, தேரின் அச்சு முறிந்தது. விநாயகர் அருள் பெற்ற பின்னரே தேர் மீண்டும் நகர்ந்தது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம் ஆயிற்று என்பது தலபுராணம். அச்சுமுறி விநாயகருக்கு இன்றும் அங்கே சந்நிதி உண்டு.

பள்ளிக்கரணையில் வாழும் எனக்கு இத்தலம் வேறொரு வகையில் துணையாயிற்று. வேளச்சேரி–தாம்பரம் சாலை நெரிசலில் நாள்தோறும் கார் ஓட்டுபவள் நான். அங்கே தோன்றாத அச்சம், பெருங்களத்தூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் தோன்றும். செங்கல்பட்டை அடுத்த பாலாற்றுப் பாலத்தில் இருபுறமும் லாரிகள் விரையும்போது உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வண்டி என் கைக்கு அடங்காமல் போய்விடுமோ என்று தோன்றும்.

கணவரின் கண்பார்வை குன்றியபின் வண்டி ஓட்டும் பொறுப்பு என்னுடையதாயிற்று. எங்கள் குலதெய்வம் வைத்தீஸ்வரன்கோயிலில் உறைகிறார். ரயில் படி ஏற இயலாத முதுமையில் இருக்கும் என் மாமியார், செல்வ முத்துக்குமாரசுவாமியை இன்னும் ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்றார். வாடகைக்கு ஓட்டுநரை அமர்த்தலாம்; ஆயினும் ஒவ்வொரு முறையும் விலகிச் சென்றால் அச்சம் வளருமேயன்றிக் குறையாது என்றார் நான் ஆலோசனை கேட்ட மருத்துவர். இல்லாத ஆபத்தை இருப்பதாகக் கொண்டு உடல் எழுப்பும் கூக்குரலே இப்படபடப்பு. தீங்கின்றித் தானே தணியக்கூடியது என்றும், சிறிது சிறிதாகப் பழகுவதே மருந்து என்றும் விளக்கினார்.

ஆகவே வழியைத் திருத்தலங்களால் பகுத்துக்கொண்டேன். முதல் ஞாயிறு அதிகாலையில் சிங்கப்பெருமாள் கோயில் வரை. குகைக்கோயிலில் நரசிம்மரைச் சேவித்துத் திரும்பினோம். அச்சம் மட்டுப்படும் வரை அதே தொலைவையே மீண்டும் சென்றோம். பின்னர் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர், அதன்பின் அச்சிறுபாக்கம். இடது தடத்தில் சீரான வேகம். மூச்சை இழுப்பதினும் வெளிவிடுவதை நீட்டுதல். படபடப்பு மிகுந்தால் வேகம் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி இளைப்பாறுதல்: இவையே நான் கைக்கொண்ட நெறிகள்.

நிறுத்துவது எனக்கு முதலில் இழுக்காகத் தோன்றிற்று. அச்சிறுபாக்கத்தில் அதைக் கூறியபோது என் மாமியார், "அம்மாடி, ஈசன் தேரே இங்கே நின்றுதானே போயிற்று? நீ நின்றால் என்ன குறைந்துவிடும்?" என்றார். அச்சொல் மருத்துவரின் விளக்கத்துக்கு உரை எழுதியது போலிருந்தது. நிற்பது வேறு, திரும்பிவிடுவது வேறு.

பயணத்துக்கு முன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிப் புறப்படும் வழக்கத்தை நாம் யாவரும் அறிவோம். அவ்வழிபாடு டயரின் காற்றையும் பிரேக்கையும் சோதிக்கும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. அவ்வாறே பிரார்த்தனை அச்சத்தை ஒரு நொடியில் அழிப்பதுமில்லை. புறப்படுமுன் ஒரு கணம் நின்று, மனத்தை ஒருமுகப்படுத்தக் கற்றுத்தருகிறது. அச்சத்துடனேயே அடுத்த தலம் வரை செல்லும் உறுதியைத் தருகிறது.

சென்ற தையில் திண்டிவனம், புதுச்சேரி, சிதம்பரம் வழியே ஐந்து இடங்களில் நின்று வைத்தீஸ்வரன்கோயிலை அடைந்தோம். சித்தாமிர்தக் குளக்கரையில் அமர்ந்த மாமியார் நெடுநேரம் பேசவில்லை. என் கையைப் பற்றியபடியே இருந்தார்.

பாலாற்றுப் பாலத்தில் இப்போதும் என் உள்ளங்கை சற்றே ஈரமாகிறது. அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் நெடும்பயணத்துக்கு அஞ்சுவோர் இருக்கலாம். அவர்களை நகையாட வேண்டா. மருத்துவரைக் காணச் செய்யுங்கள். முதல் நாளே முழுவழியையும் கேளாது, அடுத்த கோயில் வரை மட்டும் உடன் செல்லுங்கள்.