ஊரா, பேட்டா?

"கரிக்கலாம்பாக்கமா? ஊரா, பேட்டா?"

வாடகை வீடு தேடி அலைந்த ஐந்து வாரங்களில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சம்பளம் எவ்வளவு என்பதைக்கூட அப்புறம்தான் கேட்டார்கள்.

புதுச்சேரி கிராமங்களை அறியாத தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சேரி, காலனி என்று சொல்வதை எங்கள் பக்கம் 'பேட்' என்பார்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் போதும், தனியாகச் சாதிச் சான்றிதழ் வேண்டாம். ஆதார் அட்டையே சான்றிதழ். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் சொல் போனாலும் கேள்வி போகாது. "எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?", "மாட்டுக்கறி சமைப்பீங்களா?", "நீங்க என்ன ஆளுங்க?" என்று வேறு வேறு வாசல் வழியாக அது உள்ளே வரும்.

நாங்கள் இரண்டு பேர். ஒருவருக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இன்னொருவருக்குக் கம்பெனியில் ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் முடிந்து ஊருக்குத் திரும்ப பஸ் கிடையாது. அதனால்தான் நகரத்தை ஒட்டி ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு தேடினோம். வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம் வரை கையில் ஏற்பாடு இருந்தது.

முதல் வீட்டில் சாவியே கொடுத்துவிட்டார்கள். ஆதார் நகல் கொடுத்த மறுநாள், "சொந்தக்காரங்க வராங்க" என்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் புரோக்கரே தனியாக அழைத்துச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஓனர் அந்த மாதிரி பார்க்கிறவரு. ஊருன்னு சொல்லிடுங்க, முடிச்சுத் தரேன்." அன்று மறுத்துவிட்டு வந்தோம். ஆறாவது வீட்டில் மறுக்கவில்லை. "ஊர்தாங்க, மாரியம்மன் கோயில் தெரு" என்றோம். ஆதாருக்குப் பதில் வேலை செய்யும் இடத்து அடையாள அட்டையின் நகலைக் கொடுத்தோம். வீடு கிடைத்தது.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் நாங்கள். ஆனால் குடிபோன அன்று அம்பேத்கர் படத்தைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தோம்.

பாபாசாகேபுக்கும் இது நடந்தது. 1917இல் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பெரிய பதவிக்குப் போனவருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. இந்து நண்பர், கிறிஸ்தவ நண்பர் என்று இரண்டு பேரிடம் கேட்டார். இரண்டு பேரும் கைவிரித்தார்கள். ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்து பம்பாய்க்கு ரயிலேறினார். அவர் பெயரை மறைத்தார், நாங்கள் தெருவை மறைத்தோம். நடுவில் நூறு வருஷம் ஓடிவிட்டது.

நான்காவது மாதம் அம்மா ஒரு வாரம் தங்குவதாக வந்தார். "கீழ் வீட்டுல பேச்சுக் கொடுக்காதம்மா" என்று சொல்லி வைத்தோம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் சமைத்து வைத்தார், பாத்திரம் கழுவினார், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "நான் இருந்தா உங்களுக்குத்தான் பயம்" என்றார்.

அன்று இரவு படத்தை எடுத்து, வாசலைப் பார்த்த சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். பத்தே நாள். "பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், வீடு வேணும்" என்று ஓனர் சொன்னார். காலி செய்த மறுவாரம் அதே வாசலில் டூ-லெட் போர்டு தொங்கியது. வேறு சாதியில் பிறந்த தோழர் ஒருவரைப் போன் செய்யச் சொன்னோம். "எப்ப வேணா வந்து பாருங்க சார்" என்று பதில் வந்தது.

இப்படி ஆள் வைத்துச் சோதிப்பது நாங்கள் கண்டுபிடித்த வழி அல்ல. சுகதேவ் தோரட் குழுவினர் 2012இல் டெல்லியிலும் சுற்றுப்புறங்களிலும் இதைச் செய்து, 2015இல் ஆய்வாக வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட மறுப்பு இல்லை. தலித்துகளில் 18 சதவீதம் பேருக்கு நேரடி மறுப்பு, 23 சதவீதம் பேருக்குக் கூடுதல் நிபந்தனை. முஸ்லிம்களில் 31 சதவீதம் பேருக்கு மறுப்பு. நம் ஒருவருக்கு நடக்கும்போது 'நேரம் சரியில்லை' என்று தோன்றுவது, எண்ணிப் பார்த்தால் ஒரு முறையாகத் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 15(2) கடை, உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' குற்றமாக இருக்கிறது. வழக்கமான நிபந்தனையில் வியாபாரம் செய்ய மறுப்பதும் அதில் அடங்கும். அதை வாடகைக்கும் பொருத்தி வாதாட இடமுண்டு. ஆனால் எந்த ஓனரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. சொந்தக்காரர் வருவார், பையனுக்குக் கல்யாணம் வரும்.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், இன பேதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது. ஆள் வைத்துச் சோதித்த சாட்சியம் அங்கே நீதிமன்றத்தில் நிற்கிறது. இங்கே நமக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும். எங்கள் ஏம்பலம் தொகுதி தனித்தொகுதி. ஓட்டுக் கேட்டுப் பேட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நகரத்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் தம்பி தங்கைகளே, வீடு மறுக்கப்பட்டால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள். வேறு ஒரு தோழரை அனுப்பிச் சோதியுங்கள். பத்துப் பேர் குறிப்பு சேர்ந்தால் அது புலம்பல் இல்லை, ஆதாரம். அவசரத்துக்கு ஊரை மறைத்தவர்களைக் கோழை என்று சொல்லாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து நடுரோட்டில் நிற்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வெட்கப்பட வேண்டியவர் கேள்வி கேட்டவர்.

இப்போது இருக்கும் வீடு இன்னும் சின்னது. தண்ணீர் காலையில் ஒரு வேளைதான். ஓனர் அம்மா அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு, "மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துங்க" என்று மட்டும் சொன்னார். படம் முதல் நாளே சுவருக்குப் போய்விட்டது. போன வாரம் அம்மா வந்திருந்தார். ஏழு நாளும் இருந்துவிட்டுத்தான் போனார்.

ஜெய்பீம்.