கம்பத்துப் பன்னீர் திராட்சை

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி. ஒரு பக்கம் விதையில்லாத பச்சை திராட்சை, மறுபக்கம் கருப்புப் பன்னீர் திராட்சை. "விதை இருக்குமே" என்று சொல்லி வந்தவர்கள் எல்லாம் பச்சையைத்தான் வாங்கினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் அம்மா என் கையில் வைத்த முதல் பழம் அந்தக் கருப்புதான். அந்த வாரமே கிளாம்பாக்கத்தில் கம்பம் பேருந்து ஏறினேன்.

விடியற்காலை, ஆனைமலையன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம். கல்தூண்களும் கம்பிகளும் தாங்கிய பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் பொடிப்பொடியாகத்தான் விழுகிறது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள் குலைகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆசையாய் ஒரு குலையைத் தொட்டதும் ஓர் அக்கா பதறிவிட்டார்.

"பழத்தத் தொடாதீங்க தம்பி, காம்பப் பிடிங்க. பொடி போச்சுன்னா யாவாரி எடுக்க மாட்டாரு."

பழத்தின் மேல் திருநீறு பூசியதுபோல ஒரு படலம். நான் தொட்ட இடத்தில் விரல் அச்சு கருப்பாகத் தெரிந்தது. அவர் காம்பை இரண்டு விரலில் தூக்கி, சிறு கத்தரியால் வெடித்த பழத்தையும் பழுக்காத காயையும் மட்டும் நறுக்கி எடுத்தார். பக்கத்துப் பழத்தில் கத்தரி நுனிகூடப் படவில்லை. குலைக்குக் குலை இதே வேலை, வெயில் ஏறும்வரை.

கவாத்து இதைவிடக் கடினம். கொடியில் எந்தக் கண் பூக்கும், எது வெறும் இலை விடும் என்று பார்த்து வெட்ட வேண்டும். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க எங்காவது அறுப்பு நடக்கிறது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் மெல்லிய தோல் வெடித்துவிடும். அத்தனை உழைப்பும் போச்சு.

1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. உலகம் இந்த ரகத்தை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. சீனாவில் இதற்கு ரோஜா மணம் என்றே பெயர். நாம் பன்னீர் என்றோம். இரண்டு ஊர் மூக்கும் ஒன்றையே கண்டுபிடித்திருக்கிறது! சீனாவில் இதிலிருந்து ஒயின் செய்கிறார்கள். கம்பத்திலும் ஒயின் ஆலை வந்தது. இந்தப் பழத்தின் சதை வெளிறியதுதான். பிழிந்த சாறு தோலோடு ஊறும்போதுதான் சிவப்பு இறங்கும். அக்கா காத்த அந்தத் தோலில்தான் ஒயினின் நிறமே இருக்கிறது.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அதைச் சொல்லி விற்கும் ஒரு கடையைக்கூட எங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் அதே வண்டியில் ஒரு கிலோ வாங்கினேன். நீங்களும் வாங்குங்கள். காம்பு பச்சையாக, பழத்தின் மேல் பொடி கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நாள்பட நிற்காத பழம் இது. வாங்கிய அன்றே கழுவிச் சாப்பிட்டுவிடுங்கள்.