மலர்ந்த பூவுக்கும் அடையாளம் வைக்கச் சொன்னேன்

நான் ஏர்வாடிக்காரன். எங்கள் மாவட்டத்தில் முண்டு மிளகாய் போடுகிறவர்கள் நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, மறு வருஷத்துக்கு விதை வைத்துக்கொள்வார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. வீரிய ஒட்டு விதையில் அப்படி முடியாது. ஒவ்வொரு பருவமும் தாயையும் தகப்பனையும் கையால் சேர்த்தாக வேண்டும். கர்நாடகத்தில் ராணிபென்னூர் பக்கம் தக்காளிக்கு இதைச் செய்கிற வயல்களில் நான் ஒரு விதை நிறுவனத்தின் மேற்பார்வையாளனாக இருந்தேன். அங்கே செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. விட்டால் தன் மகரந்தத் தூளைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதனால் தாய்ச்செடியின் மொட்டைச் சாயங்காலம் இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தக் கூம்பை உருவிவிட வேண்டும். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், தகப்பன் செடியின் தூளைச் சூலகமுடியில் தொட்டு வைக்க வேண்டும். எந்த மொட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதழ் நுனி லேசாக வெளியே வந்து, நிறம் இன்னும் வெளுத்தே இருக்க வேண்டும். அதற்குச் சின்னதில் கை வைத்தால் சூலகம் நசுங்கும். நல்ல மஞ்சளாக விரிந்துவிட்டால் தன் தூள் ஏற்கெனவே விழுந்திருக்கும். கிள்ளி எறிய வேண்டியதுதான். பூ விரிவதற்கு முன்பே சூலகமுடி தூளை ஏற்கத் தயாராகிவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளியை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

கிராசிங் எனப்படும் இந்த வேலையைச் செய்யும் பெண்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனார்கள். மொட்டு யாருக்காகக் காத்திருக்கும்? அவர்கள் திரும்பியபோது வயல் முழுக்க மஞ்சள். அவர்களில் மூத்த அக்கா ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் விரிஞ்சுபோச்சே சார், கிள்ளிடலாமா?" என்று கேட்டார். கிள்ளினால் அந்த வாரக் கணக்கு குறையும், மேலிடத்தில் நான் பதில் சொல்ல வேண்டும். "பரவாயில்லை, எடுத்துட்டுத் தூள் வையுங்க" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அதைவிடக் கெட்டது அடுத்து நடந்தது. கிராசிங் ஆன பூவுக்கு அடையாளமாக இரண்டு புல்லி இதழ்களை நறுக்குவார்கள். பழுத்ததும் அந்த அடையாளம் பார்த்துத்தான் விதைக்குப் பறிப்பார்கள். மலர்ந்த பூக்களுக்கும் அதை நறுக்கச் சொன்னேன். ஒட்டும் கலப்படமும் ஒரே கூடையில் விழுந்தன.

விதையை வளர்த்துப் பார்த்த சோதனையில் குட்டு வெளிப்பட்டது. அந்த ஒட்டுக் காயில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை இருக்க வேண்டும். தகப்பன் வழி வரும் குணம் அது. பல செடிகளில் தாயைப் போலவே வெளிறிய காய்கள். விதை முழுவதும் தள்ளுபடியானது. ஒப்பந்தப்படி, தேறாத விதைக்கு நிறுவனம் வயலுக்குரிய விவசாயிக்குப் பணம் தராது. பெண்களின் தினக்கூலியோ அவர் முன்னமே கொடுத்து முடித்தது.

காரணம் எழுதச் சொன்னார்கள். வேலையாட்களின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் உத்தரவு என்று எழுதியிருந்தால், கூலிச் செலவையாவது தரும்படி அந்த விவசாயி நிறுவனத்திடம் கேட்டிருக்க வழியிருந்தது. அடுத்த பருவத்தில் அந்தப் பெண்களை யாரும் கிராசிங்குக்குக் கூப்பிடவில்லை. எனக்கு வேறு வயல்களைக் கொடுத்தார்கள்.