மைதானத்திற் கூடும் உறவு

யாழ்ப்பாணத்துத் தந்தையர் பேச்சிற் சிக்கனமுடையோர். மைந்தன் பரீட்சையிற் சித்தியெய்தினால் "ம்" என்பர், தவறினால் அதுவுமில்லை. இம்மௌனம் கலையும் இடம் ஒன்றுண்டு. அதுவே துடுப்பாட்ட மைதானம்.

மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய ஆட்டத்தை 'வடக்கின் போர்' என வழங்குவர். மெய்யான போரினாற் சில ஆண்டுகள் தடைப்பட்டும் அது மீண்டும் தழைத்தது. மார்ச் மாதத்து வெயிலையும் பொருட்படுத்தாது பாட்டனும் தந்தையும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து ஆர்ப்பரித்தல் இன்றும் காணத்தக்க காட்சி. அவ்விரு கல்லூரிகளிலும் பயிலாத எம்மனோரும் அங்குச் செல்வதுண்டு.

ஆயினும், கண்ணாற் காணாமலே ஓராட்டத்தைக் கண்ட நாளும் எம் வாழ்வில் உண்டு. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாமும் தென்மராட்சி சென்றோம். மின்சாரமில்லை, வானொலிக்கு மின்கலமும் அரிது. 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். எம் ஐயா துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை வானொலியுடன் இணைத்தார். அவர் மிதியைச் சுற்ற, நாம் கேட்போம். அவர் கை சோர்ந்தால் நாம் சுற்றுவோம். சுற்றுவது தளர்ந்தாற் குரலும் அடங்கிவிடும். முரளிதரனின் பந்தில் ஷேன் வார்ன் ஆட்டமிழந்தபோது, "எங்கட பொடியன்!" என்றார் ஐயா. எந்த அரசின் படைக்கு அஞ்சி ஊரைவிட்டோமோ, அந்நாட்டின் அணிக்காகவே கை நோகச் சுற்றினோம். அம்முரண்பாட்டை அவரும் பேசவில்லை, நாமும் வினவவில்லை. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற, இலங்கை 7 விக்கெட்டுகளால் வென்றது. அன்றிரவு ஐயா தமது இளமைக்கால ஆட்டங்களையும், உடன் ஆடிய தோழர்களையும், பிரிந்து வந்த வீட்டையும் பற்றி நெடுநேரம் பேசினார். அத்துணைப் பேச்சை அவர் வாயிலிருந்து அதற்குமுன் நாம் கேட்டதேயில்லை.

இன்று கைப்பேசியிலேயே ஆட்டம் தெரிகிறது. சுற்றுவதற்கு மிதியில்லை. ஆனால், தந்தைக்கொரு திரை, பிள்ளைக்கொரு திரை என்றாகிவிட்டது. ஆதலின், ஆட்ட நாளில் ஒரு திரையையே பார்ப்பதென எம் மகளும் நாமும் விதித்துக்கொண்டோம். ஆட்ட விதிகளில் அவள் எம்மைத் திருத்துகிறாள். பின்னர், கேளாமலே தன் வகுப்புச் செய்திகளையும், தோழியருடன் நேர்ந்த பிணக்கையும் கூறுகிறாள்.

பிள்ளையின் மனத்தை அறிய விழையும் பெற்றோர், எதிரே அமர்த்தி வினாத் தொடுப்பதினும், அருகே அமர்ந்து ஒன்றைச் சேர்ந்து நோக்குதல் நன்று. பேச்சுத் தானே வரும்.