ரெண்டு சுத்து போதும்

இன்னைக்கு சர்க்கரை, பிரஷர் இழை இல்ல நண்பர்களே. இழைன்னா நிஜமாவே இழை. ஆரஞ்சு நிறப் பட்டு நூல், ஒரு சின்ன தூண்டில் முள், ஒரு கவுதாரி இறகு. கொஞ்சம் நீளமாப் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் வேலை பார்க்கிறது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர்ல. முதியோர் மருத்துவம். சுத்தி வார்ஃப், நிட், யூர்னு ஆறுகள், எல்லாத்துலயும் ட்ரவுட் மீன். (ட்ரவுட் நமக்கும் அந்நியம் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல நீலகிரியில கொண்டுவந்து விட்டாங்க, அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகமே இருக்கு.)

இங்க புழு போட்டுப் பிடிக்கிறதைவிட, பூச்சி மாதிரி ஒரு பொய் இரையைக் கையால கட்டிப் பிடிக்கிறதுதான் கௌரவம். அதுக்குப் பேர் ஃப்ளை. மிதக்கிறது டிரை ஃப்ளை, முழுகிப் போறது வெட் ஃப்ளை. வெட் ஃப்ளையில ரொம்பப் பழைய வகை ஒண்ணு, சாஃப்ட் ஹேக்கிள். பறவையோட மெத்துன்னு இருக்கிற இறகை முள்ளோட கழுத்துல சுத்திக் கட்டுறது. இந்த ஊர்ல இதை ஸ்பைடர்னு சொல்வாங்க. ஸ்டூவர்ட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1857-ல எழுதின புத்தகத்துலயே இது இருக்கு. 1885-ல பிரிட் என்பவர் யார்க்‌ஷயர் ஃப்ளைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். 1975-ல அமெரிக்காவுல சில்வெஸ்டர் நீம்ஸ் எழுதின பிறகு அங்கேயும் திரும்ப மவுசு வந்தது. வரலாறு அவ்வளவு போதும்.

எனக்கு இதைக் கத்துக் கொடுத்தவர் என்னோட நோயாளி. கம்பளி ஆலையில வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். பார்க்கின்சன் நோய். (அவர் அனுமதியோட எழுதுறேன், அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

"கை நடுங்குறவர் எப்படி இவ்வளவு நுணுக்கமான வேலை செய்ய முடியும்?"னு நீங்க கேப்பீங்க. சரியான கேள்வி. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம். மடியில கிடக்கிற கை ஆடும். அதே கை ஒரு பொருளை எடுக்கப் போனா நடுக்கம் குறையும். அவர் இறகை எடுக்கிற அந்த நொடியில விரல் அடங்குறதை நான் பார்த்திருக்கேன். பார்க்கிறவங்க கண்ணுக்கு நடுக்கம்தான் தெரியும். ஆனா ஆளை முடக்குறது மந்தம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப செய்யும்போது அது சின்னதாகிக்கிட்டே போய் நின்னுடும். கையெழுத்து வரவரச் சிறுசாகுறதும் இதனாலதான். நூல் சுத்துறதும் அதே மாதிரி வேலைதானே? அதனால அவர் வாய்விட்டு எண்ணிக்கிட்டே சுத்துவார். ஒண்ணு... ரெண்டு... மூணு... இந்தத் தாளம் மூளைக்கு வெளியில இருந்து கிடைக்கிற உதவி. பிசியோதெரபியிலயும் இதைச் சொல்லிக் கொடுப்போம். அவருக்கு யாரும் சொல்லித் தரல, தானா கண்டுபிடிச்சது.

சரி, கட்டலாம் வாங்க. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், இதுதான் பாலபாடம்.

14-ம் நம்பர் முள். (நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும், நம்ம ஊசி கணக்கு மாதிரியேதான்.) வைஸ்ல இறுக்கிப் பிடிக்க வையுங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, முள் தெறிச்சு கண்ல பட்டா என் வேலை இல்ல, கண் டாக்டர் வேலை. பட்டு நூலைத் தேன்மெழுகுல ஒரு தடவை இழுத்து, முள்ளோட காதுக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு, ஒரு சுத்து அடுத்த சுத்தைத் தொடுற மாதிரி பின்பக்கம் போங்க. கூர்முனைக்கு நேர் மேல வந்ததும் திரும்பி வாங்க. அவ்வளவுதான் உடம்பு. வேற எதையும் வச்சு நிரப்பாதீங்க. காய்ஞ்ச நூல் பளீர்னு ஆரஞ்சு. நனைஞ்சதும் கறுத்து, உயிருள்ள பூச்சி நிறத்துக்கு வந்துடும்.

அடுத்து இறகு. கவுதாரின்னு சொன்னாலும் நம்ம ஊர்க் கவுதாரி இல்ல, அதோட தூரத்துச் சொந்தம். முதுகுப் பக்கத்துப் பழுப்புப் புள்ளி இறகு ஒண்ணு. அடியில இருக்கிற பஞ்சை உருவிப் போட்டுட்டு, நுனியை மட்டும் விட்டு மத்த நாரையெல்லாம் பின்னால நீவி, நுனியைக் கட்டி, காதுக்குப் பின்னால சுத்துங்க.

எத்தனை சுத்து? ஒண்ணரை. மிஞ்சினா ரெண்டு.

இங்கதான் விஷயமே இருக்கு. இறகுல இன்னும் மிச்சம் இருக்கும். அழகான இறகு, வீணாக்க மனசு வராது. மூணு சுத்து, நாலு சுத்து போட்டா கையில பார்க்க புசுபுசுன்னு அம்சமா இருக்கும். ஆத்துல போட்டா துடைப்பம். நார் நெருக்கமா நின்னா ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிச்சுக்கும், அசையாது. நாலஞ்சு நாருக்கு நடுவுல இடைவெளி இருந்தாத்தான் ஓட்டம் தள்ளும்போது உடம்போட ஒட்டி, ஓட்டம் தளரும்போது விரியும். ஆத்தடியில இருந்து சிறகு முளைச்சு மேல வர்ற பூச்சி, காலை உதைச்சுக்கிட்டு வர்றது அப்படித்தான் இருக்கும். மீனுக்கு அந்த அசைவுதான் வேணும். உள்ளான் இறகோட ஊதா நூல், தாழைக்கோழி இறகோட மஞ்சள் நூல்னு இன்னும் நிறைய வகை இருக்கு. எல்லாத்துலயும் இதே சிக்கனம்தான்.

ஒரு உபரித் தகவல், டாக்டர்களுக்குப் பிடிக்கும். இந்த ஃப்ளைகளுக்குப் பேர்போன பட்டு நூல் பியர்சால்ஸ். அதே கம்பெனி ஆபரேஷன்ல தையல் போடுற பட்டு நூலும் தயாரிச்சது! ஃப்ளை கட்டுற அந்த நூல் இப்போ வர்றதில்ல. பெரியவர்கிட்ட மூணு சுருள் மிச்சம். பீரோவுல பூட்டி வச்சிருக்கார்.

இப்போ மருந்துக்கு வருவோம். லெவோடோபா மாத்திரை போட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துல கை இலகுவாகும். நோய் முத்த முத்த அந்த நல்ல நேரம் சுருங்கிக்கிட்டே வரும், அடுத்த மாத்திரைக்கு முன்னாலயே கை இறுகிடும். கறி, முட்டைன்னு புரதம் நிறைய சாப்பிட்டா, சிலருக்கு மருந்து உறிஞ்சப்படுறதும் குறையும். (இதைப் படிச்சிட்டு வீட்ல இருக்கிற தாத்தாவுக்கு நீங்களே நேரத்தை மாத்திடாதீங்க. அவரோட டாக்டரைக் கேளுங்க.)

கிளினிக்ல நாங்க வழக்கமா கேக்கிறது நடை எப்படி, விழுந்தீங்களா, தூக்கம் வருதா. எல்லாம் முக்கியம்தான். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "சாயங்காலம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் இந்தக் கை எனக்கு வேணும் டாக்டர். மீதி நேரத்தை நீங்க எடுத்துக்கோங்க."

போன தடவை வந்தப்போ ஒரு தீப்பெட்டியை நீட்டினார். உள்ள ஆறு ஃப்ளை, வரிசையா. நாலு கச்சிதம். ரெண்டுல தலை தடிச்சிருந்தது. முடிச்சு நழுவி, திரும்பத் திரும்ப நூல் சுத்தினா அப்படித்தான் ஆகும். ஒவ்வொண்ணு கீழயும் துண்டுச் சீட்டுல கட்டின நேரம் எழுதியிருந்தார், பொடிப்பொடி எழுத்துல. தடிச்ச ரெண்டும் நாலே காலுக்கு மேல கட்டினது.

பார்க்கின்சன் நோயாளிகள்கிட்ட மணிவாரியா டைரி எழுதச் சொல்லுவோம், பாதிப் பேர் எழுதவே மாட்டாங்க. இவர் கொண்டுவந்த டைரியை லென்ஸ் வச்சுப் பார்த்தேன். மத்தியான மாத்திரையை முக்கால் மணி நேரம் தள்ளினோம். அதுக்கு முன்னால இறுகாம இருக்க, காலை மாத்திரையையும் கொஞ்சம் நகர்த்தினோம். அடுத்த தீப்பெட்டி மூணு வாரம் கழிச்சு வரும்.